இடது பக்கம் இல்லாதவன்

ஆறாவது அத்தியாயம்

“அழறதுன்னா அந்தப் பக்கம் போய் அழு பாலு. குழி ஓரத்துல நின்னா மண்ணு சரியும்” என்றாள் மரகதம்.

பாலசுப்ரமணியன் அழுகையை நிறுத்தி அண்ணியை ஒருமுறை வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பெங்களூர் தொம்மலூரின் பழைய ஊருக்குள், கண்ணாடிக் கட்டடங்கள் மூன்று பக்கமும் எழும்பிவிட்ட பிறகும் அசையாமல் நிற்கும் அந்த ஓட்டு வீட்டின் கொல்லையில் பாதித் தெரு கூடியிருந்தது. செப்டிக் டேங்குக்குக் குழி தோண்ட அவர் கூட்டி வந்த ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் குந்தியிருந்தார்கள். குழிக்குப் பக்கத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் விரித்து, தோண்டி எடுத்த எலும்புகளை அதன்மேல் பரப்பியிருந்தார்கள்.

நிருபமா அந்தத் தார்ப்பாயின் அருகே மண்டியிட்டு உட்கார்ந்தாள். எம்.பி.பி.எஸ். முதல் வருஷத்தோடு படிப்பை உதறிவிட்டு, பிரேசர் டவுனில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் அரை டாக்டர். கல்யாண வீடுகளில் காதுபடவே சொல்வார்கள். அவளும் காதுபடவே சிரித்துவிட்டு இரண்டாவது தடவை பாயசம் கேட்பாள்.

“முட்பேடி மேடம், தொடாதீங்க!” என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டப்பா. “இதெல்லாம் சாட்சி. நீங்க யார் இங்க வர்றதுக்கு?”

“நான்தான் கூப்பிட்டேன்” என்றாள் மரகதம். “என் வீடு, என் கொல்லை. யாரைக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியும்.”

உண்மையில் கூட்டி வந்தவன் முனிராஜ். நிருபமாவின் உதவியாளன். சந்தாபுராக்காரன். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு கேஸில் நிருபமாவைத் தவறான வீட்டில் இறக்கிவிட்டு, அந்தத் தவறான வீட்டில்தான் குற்றவாளி இருந்ததால் வேலையில் சேர்த்துக்கொள்ளப்பட்டவன். காலை டிபன் அவனுக்கு மரகதத்தின் இட்லிக் கடையில்தான். இன்றைக்கு இட்லிக்குப் பதில் போலீஸ் இருந்ததைப் பார்த்ததும் நேராக பிரேசர் டவுனுக்கு வண்டியைத் திருப்பிவிட்டான்.

விஷயம் இதுதான். மரகதத்தின் புருஷன் ஏகாம்பரம் எட்டு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றொன்றில், காவிரிக் கலவரம் நடந்த சமயத்தில் வீட்டை விட்டுப் போனவன். ஊரே பூட்டிக் கிடந்த நேரம். பயந்து ஓடினான் என்று சிலர் சொன்னார்கள், வேறொருத்தியோடு ஓடினான் என்று பலர் சொன்னார்கள். மரகதம் எதுவும் சொல்லாமல் அடுத்த நாளே இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள். வீடு ஏகாம்பரத்தின் பேரில் இருந்தது. பக்கத்தில் கட்டடம் கட்டுகிறவன் இந்த இடத்தையும் கேட்டுக்கொண்டே இருந்தான். ஏகாம்பரத்தின் தம்பி பாலசுப்ரமணியன் விற்கலாம் என்றார். மரகதம் மாட்டேன் என்றாள். புருஷனைக் கொன்றவள் என்று முத்திரை விழுந்துவிட்டால் அவளுக்கு வீட்டில் ஒரு செங்கல்கூட மிஞ்சாது, ஜெயிலில்தான் இடம் கிடைக்கும்.

“எங்கண்ணன்தான் சார்” என்று பாலசுப்ரமணியன் மூக்கைச் சிந்தினார். “இடுப்புல பாருங்க, வெள்ளி அரைஞாண் கொடி. எங்கம்மா போட்டது.”

“உங்கம்மா ரெண்டு பிள்ளைக்கும்தானே போட்டாங்க?” என்றாள் மரகதம். “உன்னோடது எங்க பாலு? சட்டையைத் தூக்கிக் காட்டேன்.”

“ஏனம்மா, புருஷன் எலும்பு முன்னாடி நின்னு இப்படியா பேசுவ?” என்று இன்ஸ்பெக்டர் கடிந்துகொண்டார்.

“என் புருஷனா இருந்தாத்தானே சார் அழணும்?”

அதற்குள் பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, மரகதத்தின் நெற்றிப் பொட்டை அழிக்கக் கையை நீட்டிவிட்டாள். மரகதம் அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக, ஆனால் விரல் நெரிகிற அளவுக்கு, கீழே இறக்கினாள். “சாவு வந்தா நானே அழிச்சிக்கறேன். உனக்கு அந்தச் சிரமம் வேணாம்.” ரத்தினம்மாள் கையைத் தேய்த்துக்கொண்டே பின்வாங்கினாள்.

இதையெல்லாம் காதில் வாங்கியபடியே நிருபமா எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடுப்பெலும்பைக் கையில் எடுத்தாள். அதன் வெளிப்பக்கத்தில் கிண்ணம் போல் ஒரு குழி உண்டு. தொடை எலும்பின் மேல்முனை பந்தாக உருண்டு அந்தக் கிண்ணத்துக்குள் உட்காரும். மனிதன் காலைத் தூக்கி எந்தப் பக்கமும் சுழற்ற முடிவதற்கு அந்த மூட்டுதான் காரணம். ஒருவனுடைய பந்து அவனுடைய கிண்ணத்துக்குத் தைத்து வைத்த சட்டை மாதிரி பொருந்த வேண்டும். நிருபமா தொடை எலும்பை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாள். விளிம்பிலேயே நின்றது. திருப்பி வைத்தும் உள்ளே இறங்கவில்லை.

“இன்ஸ்பெக்டர், இந்தத் தொடையும் இந்த இடுப்பும் ஒரே ஆளோடது இல்ல.”

நஞ்சுண்டப்பாவின் முகம் பிரகாசமானது. “அப்போ ரெண்டு கொலை!”

முனிராஜ் குனிந்து நிருபமாவின் காதில், “மேடம், நாம வராமலே இருந்திருந்தா ஒண்ணோட போயிருக்கும். இன்னும் ரெண்டு எலும்பு எடுத்தீங்கன்னா மரகதக்காவைத் தூக்குலயே போட்டுடுவாங்க” என்றான்.

நிருபமா அவனை முறைத்துவிட்டு, எலும்புகளை ஆள் படுத்திருக்கிற வாக்கில் அடுக்க ஆரம்பித்தாள். நடுவில் முதுகெலும்புத் துண்டுகள், கழுத்திலிருந்து இடுப்பு வரை. மார்புக்கு நடுவே டை கட்டியது போன்ற தட்டை எலும்பு. பிறகு தோள்பட்டை, மேல்கை, முழங்கைக்குக் கீழே இரண்டு, விலா, இடுப்பு, தொடை, முழங்கால் சில்லு, கீழ்க்காலில் இரண்டு. தொடை எலும்பின் பந்து எப்போதும் உடம்பின் உள்பக்கம் பார்க்கும். தண்டின் பின்னால் ஓடும் முரட்டு வரப்பு முதுகுப் பக்கம் இருக்கும். அந்த இரண்டையும் சரிபார்த்தால் எந்தக் கால் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இது வலது. தோள்பட்டையும் வலது. எல்லாமே வலது. தார்ப்பாயின் இடதுபக்கம் வெறும் நீலமாகக் கிடந்தது.

“இடது பக்கம் எங்க சார்?”

“நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்.”

“நடு முதுகெலும்பு ஒண்ணுகூடக் குறையல. வலது கைல சின்ன விரல் எலும்புகூட இருக்கு. இடதுல மட்டும் ஒண்ணுமே இல்ல. நாய்க்கு இடது வலது தெரியுமா சார்?”

“தெரியும் மேடம்” என்றான் முனிராஜ். “கம்பத்துக்குக் காலைத் தூக்கறப்போ பாருங்க.”

ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டு இன்ஸ்பெக்டரின் பார்வையில் இருமலாக மாற்றிக்கொண்டான். “தலைகூடத்தான் இல்ல” என்றார் நஞ்சுண்டப்பா. “வெட்டி எங்கயோ போட்டிருக்கா. கேட்கிற விதத்துல கேட்டா சொல்லுவா. அந்த மீதிப் பாதியையும் சேர்த்துக் கேட்டுக்கறேன்.”

நிருபமா மேல்கை எலும்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள்பக்கத்து உருண்டைக்குக் கீழே, முன்பக்கத்தில், பென்சில் வைக்கிற அளவுக்கு ஒரு ஓடை உண்டு. யாரோ எலும்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிப் புதைத்திருக்கிறார்கள். ஆனால் ஓடையின் அடியில் தேய்க்கிற பிரஷ் போகவில்லை. அங்கே ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் கீறினாள். மண்ணுக்குள்ளிருந்து பளபளவென்று கிளிப்பச்சை எட்டிப் பார்த்தது. எலும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார். எஃப்.ஐ.ஆர். அதுக்கப்புறம் எழுதுங்க.”

“எதுக்கு?”

“தப்பா எழுதிட்டு அப்புறம் நீங்க கையைப் பிசையக்கூடாதேன்னுதான்.”

நஞ்சுண்டப்பா கெட்டவர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். மேலிடத்தில் கேள்வி கேட்டால் பயப்படுகிறவர். எலும்புகளைச் சாக்கில் கட்டச் சொல்லிவிட்டு, “சாயங்காலம். அதுக்கு மேல கேட்காதீங்க” என்றார்.

மரகதம் போலீஸ் ஜீப்பில் ஏறும்போது அழவில்லை. தெருவே பார்க்கட்டும் என்று முக்காடும் போடவில்லை. நிருபமாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “சிந்துவுக்கு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. பாலுவோட பொண்ணு. தாயில்லாத பிள்ளை, என் மடியில வளர்ந்தது. ஹாஸ்டல்ல இருக்கு, இப்போ பரீட்சை நேரம்.”

*

அல்சூர் ஏரிக்கரையில் ஆட்டோ பறந்தது. கை காட்டிய இரண்டு சவாரிகளைத் துரத்திவிட்டு முனிராஜ் பின்கண்ணாடியில் நிருபமாவைப் பார்த்தான்.

“சொல்லுங்க மேடம். பாதி ஆளை யாரு புதைப்பாங்க?”

“பாதி ஆள்தான் கையில கிடைச்சவன் புதைப்பான். முனிராஜ், மெடிக்கல் காலேஜ்ல முதல் வருஷம் சேர்ந்தா என்ன பண்ணுவாங்க தெரியுமா? எலும்பு செட் வாங்குவாங்க. சீனியர் படிச்சு முடிச்சதை ஜூனியர் தலையில கட்டுவாங்க. அதுல பாதி எலும்புதான் இருக்கும்.”

“பாதி விலைக்கா?”

“கை காலு ரெண்டு பக்கமும் கண்ணாடி பார்க்கற மாதிரி ஒண்ணுதானே? ஒரு பக்கம் படிச்சா மறுபக்கம் தெரிஞ்சிடும். அதனால கை, கால், தோள், இடுப்பு எல்லாம் ஒரு பக்கம் மட்டும். நடுவுல இருக்கற முதுகெலும்பு ஜோடி இல்லாதது, அது முழுசா இருக்கும். தார்ப்பாய்ல அப்படியேதான் இருந்தது.”

“அந்தப் பந்து கிண்ணத்துல உட்காராதது?”

“கை மாறிக் கை மாறி வர்ற செட். ஒருத்தி தொலைச்சதுக்கு இன்னொருத்தி வேற எலும்பைப் போட்டு வைப்பா. நான் படிச்சப்போ என் செட்ல முழங்கால் சில்லு மட்டும் ஒரு குழந்தையோடது.”

முனிராஜ் ஒரு பஸ்ஸை முந்தினான். பிறகு, “இதை அங்கயே அந்த ஆளுக்குச் சொல்லியிருக்கலாமே?” என்றான்.

“சொன்னா, செட்டை யார் கொண்டுவந்து போட்டதுன்னு கேப்பார். தெரியாதுன்னு சொல்லணும். உடனே, இட்லி வாங்க வர்ற ஏதோ ஒரு மெடிக்கல் பையன்கிட்ட மரகதமே வாங்கினான்னு எழுதுவார். புதைச்சவன் கை எதுன்னு காட்டாம நான் வாயைத் திறக்கப் போறதில்ல.”

முதல் வருஷத்தில் எலும்பின் மேல் வண்ணம் பூசுவது வழக்கம். ஒரு தசை எலும்பில் எங்கே தொடங்குகிறதோ அங்கே சிவப்பு. எங்கே போய் முடிகிறதோ அங்கே நீலம். எந்தக் காலேஜிலும் எந்த விடுதியிலும் இதில் மாற்றம் கிடையாது. ஒரு தசை முடிகிற அந்த ஓடையில் நீலம் இருந்திருந்தால் பெங்களூரில் இருக்கும் அத்தனை காலேஜையும் தேட வேண்டும். கிளிப்பச்சை பூசியவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

முதல் இரண்டு விடுதிகளில் பச்சையைப் பற்றிக் கேட்டதும் விழித்தார்கள். மூன்றாவது, பிரேசர் டவுனுக்குப் பின்னால் ஒரு தனியார் மெடிக்கல் காலேஜின் பெண்கள் விடுதி. வாசலிலேயே முனிராஜை வாட்ச்மேன் நிறுத்திவிட்டார். “ஆம்பளைங்க உள்ள போகக்கூடாது” என்றதும் முனிராஜ், “உள்ள அலமாரி அலமாரியா ஆம்பளை எலும்புதானே தாத்தா இருக்கு? அதுங்களை எப்படி விட்டீங்க?” என்று கேட்டுவிட்டு வாட்ச்மேனோடு பீடி பற்ற வைத்துக்கொண்டான்.

உள்ளே முதல் வருஷப் பெண் வைஷ்ணவி தன் செட்டைக் கட்டிலில் கொட்டிக் காட்டினாள். சிவப்பு, நீலம். சிவப்பு, நீலம். “பச்சை பூசறவங்க யாராவது?” என்று நிருபமா கேட்டாள்.

வைஷ்ணவி சிரித்துவிட்டாள். “போன வருஷ சீனியர் அக்கா ஒருத்தங்க. நீலப் பெயின்ட் கிடைக்கலன்னு நெயில் பாலிஷ் வாங்கப் போயிருக்காங்க. நீல நெயில் பாலிஷ் கமர்ஷியல் ஸ்ட்ரீட் முழுக்கத் தேடியும் கிடைக்கல, கிளிப்பச்சைதான் இருந்ததாம். வைவால எக்ஸாமினர் எலும்பைப் பார்த்துட்டு, இது ஆளா மாங்காயான்னு கேட்டாராம். மாடில இருக்காங்க. சிந்து அக்கா.”

நிருபமாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மடியில வளர்ந்தது என்று மரகதம் சொன்ன சிந்து. நிருபமா மாடிப்படியில் கால் வைக்காமல் சற்று நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தக் கேஸில் இதைவிடச் சங்கடமான கதவு இருக்க முடியாது. தட்டாமல் போகவும் முடியாது.

சிந்துவின் அறையில் அலமாரி மேல் ஒரு மண்டையோடு, குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நிருபமா சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள். குழி, எலும்பு, ஜீப், பச்சை. செய்தது யார் என்று மட்டும் எந்தப் பேரையும் சொல்லவில்லை.

சிந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, “செட்டை லீவுக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன்” என்றாள். “அப்பா, தெரிஞ்சவர் பொண்ணுக்கு வித்துத் தர்றேன்னு பெட்டியோட வாங்கிக்கிட்டார். மண்டையை மட்டும் நான் குடுக்கல. ராத்திரி பகல்னு இதோடதான் படிச்சேன், குடுக்க மனசு வரல. மண்டை இல்லாத செட்டை எந்த ஜூனியரும் தொடமாட்டா மேடம். ஒரே வாரத்துல வித்துப் போச்சுன்னு அப்பா சொன்னார். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.”

“தொடை எலும்பு?”

“அது வேற செட்டோடது. இடுப்புல உட்காராது. எனக்கு முன்னாடி வச்சிருந்த அக்கா தொலைச்சிட்டு மாத்தி வச்சாங்க.” சொல்லும்போதே சிந்துவின் கண் நிறைந்தது. “பெரிம்மா மாலூர் கல்யாணத்துக்குப் போனப்போ அப்பா வீட்டுச் சாவியை வாங்கி வச்சிருந்தார். நான் என்ன பண்ணணும் மேடம்? பெத்த அப்பாவைக் கைகாட்டணுமா?”

“அதை நான் கேக்கமாட்டேன்” என்றாள் நிருபமா. “எனக்கு அந்த மண்டையோடு வேணும். நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்.”

சிந்து எழுந்து குல்லாவைக் கழற்றினாள். மண்டையோட்டைத் துப்பட்டாவில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டினாள். “வேற யார் கையிலயும் இதைக் குடுத்து அனுப்பமாட்டேன்” என்றாள்.

*

ஸ்டேஷனில் விளக்கு போட்டிருந்தார்கள். மரகதம் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே பாலசுப்ரமணியன் இன்ஸ்பெக்டருக்கு வாங்கி வந்த காபி ஆறிக்கொண்டிருந்தது. மகள் உள்ளே வருவதைப் பார்த்ததும் அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “நீ எதுக்கும்மா இங்கெல்லாம்? பரீட்சை வச்சிக்கிட்டு!”

சிந்து அவரைப் பார்க்காமல் மேஜைமேல் துணியை அவிழ்த்தாள். நஞ்சுண்டப்பா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“கழுத்தெலும்புங்களை எடுக்கச் சொல்லுங்க சார்” என்றாள் நிருபமா. சாக்கிலிருந்து எடுத்த துண்டுகளில் ஒன்றைச் சிந்து தயங்காமல் பொறுக்கினாள். மோதிரம் போல் வட்டமாக இருந்தது. மண்டையோட்டைத் திருப்பினாள். அடியில், தண்டுவடம் நுழைகிற பெரிய ஓட்டையின் இரு பக்கமும் வழுவழுப்பாக இரண்டு மேடுகள். மோதிரத்தின் மேல் அதே அளவில் இரண்டு பள்ளங்கள். வைத்ததும் ஒன்றுக்குள் ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்தது. சிந்து மண்டையோட்டை முன்னும் பின்னும் அசைத்தாள்.

“ஆமாம்னு தலையாட்டறோமே, அது இந்த மூட்டுதான் சார். இல்லைன்னு ஆட்டறது இதுக்கு அடுத்த மூட்டு. இது ரெண்டும் ஒரே ஆளோடது. ரெண்டும் என்னோடது. நான் படிச்ச செட். மேல்கை எலும்புல ஓடைக்குள்ள பச்சை நெயில் பாலிஷ் இருக்கும், பார்த்துக்குங்க.”

நஞ்சுண்டப்பா எலும்பை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு அவருடைய தலையும் அந்த முதல் மூட்டில் மெதுவாக ஆடியது.

“மண்டையோடு எந்தக் கடையிலயும் கிடைக்கும் சார்” என்றார் பாலசுப்ரமணியன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. “என் பொண்ணு பெரியம்மா மேல பாசத்துல ஏதோ சொல்லுது. நான் செட்டை எப்பவோ வித்துட்டேன். வாங்கினவன் எங்கே கொண்டுபோய்ப் புதைச்சானோ!”

“வித்தது இருக்கட்டும்” என்றார் நஞ்சுண்டப்பா. அவருக்கு இப்போது புது வேகம் வந்துவிட்டது. சிந்துவின் பக்கம் திரும்பினார். “செட்டு உன்னோடது. தலையும் உன்கிட்ட. அப்போ காணாமப் போன அந்த இடது பக்கமும் உன்கிட்டதானே? எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்க?”

முனிராஜ் வாயைத் திறந்தான். நிருபமா அவன் காலை மிதித்தாள். செட்டென்றாலே பாதிதான் என்ற சங்கதியை அவள் இன்ஸ்பெக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கேள்வி வரட்டும் என்றுதான் வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டு வந்தாள். ஆனால் அது சிந்துவின் மேல் பாயும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொறி உடைந்துவிடும். சொல்ல வேண்டாமென்று நிருபமா அவளிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

சிந்து சொல்லவில்லை. அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பேசமாட்டியா?” இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். “எலும்பைப் புதைச்சது இந்தப் பொண்ணுதான். லேடி கான்ஸ்டபிளைக் கூப்பிடுப்பா. பெரியம்மாவும் பொண்ணும் சேர்ந்து ஆடின ஆட்டமா இது? படிப்பு, பரீட்சை எல்லாம் ஜெயில்ல வச்சிக்கோ!”

பெண் கான்ஸ்டபிள் சிந்துவின் தோளில் கை வைத்தாள். மரகதம் பெஞ்சிலிருந்து சீறிக்கொண்டு எழுந்தாள். “அவ மேல கையை வச்சா நடக்கறதே வேற!” அதைவிடப் பெரிய சத்தம் பக்கத்திலிருந்து வந்தது.

“அவகிட்ட இல்ல சார்! அவளை விட்டுடுங்க! பெட்டில இருந்ததே அவ்வளவுதான்! குழில கொட்டறப்பவே நான் பார்த்தேன், ஒரு பக்கம்தான் இருந்துச்சு!”

சொன்ன பிறகுதான் பாலசுப்ரமணியனுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. சிந்து கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கண்ணிலிருந்தும் நீர் இறங்கியது.

“காலேஜ்ல விக்கற செட்டே ஒரு பக்கம்தான் இன்ஸ்பெக்டர்” என்றாள் நிருபமா. “மெடிக்கல் படிச்சவனா இருந்தா இப்படிப் புதைக்க மாட்டான். மகள் படிப்புக்குச் செட் வாங்கிக் குடுத்து, அதுக்குள்ள முழு ஆள் இருக்கான்னு நம்பினவர்தான் இந்தத் தப்பைப் பண்ண முடியும். குழில கொட்டினப்போ தெரிஞ்சிருக்கு, வேற வழியில்ல, தன் அரைஞாணையும் அவிழ்த்துப் போட்டுட்டு மண்ணைத் தள்ளிட்டார். அப்புறம் செப்டிக் டேங்க் கட்டித் தர்றேன்னு அவரே ஆளைக் கூட்டிட்டு வந்து அதே இடத்தைத் தோண்டச் சொன்னார்.”

முனிராஜ் மிதிபட்ட காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “மேடம், இந்தப் பாதத்துல எத்தனை எலும்பு இருந்ததோ, இப்போ அதைவிட ரெண்டு ஜாஸ்தி இருக்கும்” என்று முனகினான். யாரும் சிரிக்கவில்லை.

பாலசுப்ரமணியன் அண்ணியின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். “புத்தி கெட்டுப் பண்ணிட்டேன் அண்ணி. பில்டர் விடமாட்டேங்கறான். அட்வான்ஸ் வாங்கிட்டேன்.”

நஞ்சுண்டப்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். காலையில் இரண்டு கொலையாக இருந்தது, இப்போது ஒன்றுமில்லாமல் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “நோடம்மா” என்று குரலை இறக்கினார். “கொலையே இல்லைன்னு ஆகிப்போச்சு. ஒரே குடும்பம். இவர் மேல கேஸ் போட்டா பொண்ணு வாழ்க்கைதான் கெடும். நீ வீட்டுக்குப் போ. நான் மூடிடறேன். சொல்ப அட்ஜஸ்ட் மாடி.”

மரகதம் சிந்து சொன்ன அந்த இரண்டாவது மூட்டை உபயோகித்தாள். இடமும் வலமுமாகத் தலை நிதானமாக ஆடியது.

“எட்டு வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிட்டேன் சார். ஓடிப்போனவனோட அட்ஜஸ்ட் பண்ணினேன். ஊர் பேச்சோட அட்ஜஸ்ட் பண்ணினேன். இன்னைக்கு என் கொல்லையிலயே என்னைக் கொலைகாரின்னு ஜீப்ல ஏத்தினீங்க. இதோட போதும். எழுதுங்க.”

“அண்ணி!” பாலசுப்ரமணியன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தார். “நான் உள்ள போயிட்டா இவ படிப்பு என்ன ஆகும்? இன்னும் மூணு வருஷம் பீஸ் யார் கட்டுவா?”

மரகதம் தலைப்பை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டாள். சிந்துவைப் பார்த்தாள். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு, “எழுதச் சொல்லுங்க பெரிம்மா” என்றாள்.

“வீடு இருக்கு பாலு” என்றாள் மரகதம். “நீ விக்கப் பார்த்தியே, அதே வீடு. முன்பக்கம் ரெண்டு ரூமை இந்தக் கம்ப்யூட்டர் பிள்ளைங்களுக்கு வாடகைக்கு விட்டா இவ டாக்டராகிற வரைக்கும் பீஸ் கட்டலாம். அதுக்கும் பத்தலைன்னா கூட ரெண்டு பானை இட்லி ஊத்துவேன். உன் பொண்ணைப் பத்தி நீ கவலைப்படாதே. எப்பவும் நான்தான் பட்டிருக்கேன்.”

முனிராஜ் மிதிபட்ட காலைக் கீழே ஊன்றி நேராக நின்றான்.

நஞ்சுண்டப்பா பெருமூச்சு விட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை முன்னால் இழுத்தார். பேனா மூடியைத் திறந்தார். “சரி. உன் பேரு?”

“மரகதம்.”

“புருஷன் பேரு?”

“அந்த ஆள் என்னைக்காவது வந்து நின்னா அவனையே கேட்டு எழுதிக்குங்க சார்” என்றாள் மரகதம். “புகார் குடுக்கறது நான். என் பேரை எழுதுங்க.”